கப்பை முதலில் தராசில் வையுங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மெல்போர்னில் இருக்கும் மைனி எனக்கு ஒரு பட்டர் கேக் குறிப்பு அனுப்பினார். வெண்ணெய் 250 கிராம், மைதா இரண்டு கப், சீனி ஒரு கப், முட்டை நான்கு, பால் அரை கப், பேக்கிங் பவுடர் நான்கு டீஸ்பூன். அவ்வளவுதான். நாகர்கோவிலில் வாங்கி வந்த நீலக் கலர் கப் செட்டை எடுத்து, ஒன்று விடாமல் தலைதட்டி அளந்து போட்டேன். ஓவனில் கேக் ஜோராக எழும்பியது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவில் குழி. எடுத்துக் கவிழ்த்தபோது அடியில் போட்ட பேப்பர் எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. வீட்டுக்காரர் கட்டன்சாயாவோடு இரண்டு துண்டு தின்றுவிட்டு, "களி மாதிரி இருக்கு, ஆனா ருசி கொள்ளாம்" என்றார்.

முதலில் கரண்ட்டைக் குறை சொன்னேன். அப்புறம் முட்டையை. கடைசியில் மைனிக்கே போன் போட்டுக் கேட்டேன். "உன் கப் எத்தனை மில்லி?" என்றார். செட்டைத் திருப்பிப் பார்த்தால் 240 என்று பொறித்திருந்தது. அவருடையது 250. பத்து மில்லியில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. கேக்கைக் கெடுத்தது அந்தப் பத்து மில்லி மட்டும் இல்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் ஒரு கப் மைதா என்றால் 150 கிராம் என்று கணக்கு. கப்பை மாவுக்குள் முக்கி எடுத்து மேலே வழித்துவிடுவார்கள். நானோ அமெரிக்க யூடியூப் பார்த்துப் பழகியவள். ஸ்பூனால் மாவை அள்ளி அள்ளிக் கப்பில் போட்டுத் தலைதட்டினேன். அப்படிச் செய்தால் 120 கிராம்தான் வரும். ஆக, 300 கிராம் மாவு கேட்ட கேக்குக்கு 240 கிராம் போட்டிருக்கிறேன். வெண்ணெய் மட்டும் பாக்கெட் கணக்கில் கச்சிதமாக 250. ஐந்தில் ஒரு பங்கு மாவு குறைந்துபோனால் அவ்வளவு வெண்ணெயையும் எது தாங்கும்?

அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். குலசேகரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ரப்பர் பாலை வாளிக் கணக்கில் விலை பேச முடியாது. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் காசு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ராத்திரி மழை பெய்து சிரட்டையில் தண்ணீர் விழுந்துவிட்டால் வாளி சீக்கிரம் நிறையும், ரப்பர் அதிகமாகாது. "வாளி இடத்தைத்தான் சொல்லும், சரக்கைச் சொல்லாது" என்பார். கப்பும் அப்படித்தான். அது காட்டுவது இடம். அந்த இடத்துக்குள் எவ்வளவு மாவு உட்கார்ந்திருக்கிறது என்பது மாவுக்கும் உங்கள் கைக்கும் தெரிந்த ரகசியம்.

ஆகவே கப்பைக் கிராமாக மாற்ற இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். யாருடைய கப்? கப்புக்குள் என்ன சரக்கு?

யாருடைய கப்?

அமெரிக்கக் கப் 237 மில்லி சொச்சம். குறிப்பு எழுதுகிறவர்கள் 240 என்று வைத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியக் குறிப்பு என்றால் 200. ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் கொடுப்பார்களே, அது 180 மில்லி. அதை வைத்துக் கேக் செய்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள். நம்மூரில் விற்கிற செட்டுகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. ஒன்றுமே பொறிக்காததும் உண்டு.

பொறித்திருப்பதையும் நம்பிவிட வேண்டாம். தராசில் காலிக் கப்பை வைத்து, பூஜ்யம் ஆக்கி, விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, கப் அத்தனை மில்லி. தண்ணீருக்கு மட்டும் இந்தச் சலுகை. 240 என்று பொறித்த என் நீலக் கப்பில் 232-தான் பிடித்தது. அதே செட்டின் கால் கப்பில் 62. அதாவது, கால் கப்பை நாலு தடவை போட்டால் ஒரு கப்பை விடக் கூடுதலாக வரும்! அன்றிலிருந்து அந்த முழுக் கப் அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது.

குறிப்பு யாருடையது என்று தெரியாவிட்டால் ஒரு தடயம் உண்டு. வெண்ணெயை ஸ்டிக் கணக்கில் சொன்னால் அமெரிக்கா. ஒரு ஸ்டிக் 113 கிராம், அதாவது அரை கப். ஓவனை 350-ல் வை என்றாலும் அமெரிக்காதான். அது பாரன்ஹீட், நமக்கு 180 என்று வைத்தால் போதும். கேஸ்டர் சுகர், செல்ஃப் ரைசிங் மைதா என்று எழுதியிருந்து கூடவே கப்பும் இருந்தால் பெரும்பாலும் ஆஸ்திரேலியா. கப் என்ற பேச்சே இல்லாமல் கிராமிலும் அவுன்ஸிலும் இருந்தால் இங்கிலாந்து, நமக்கு வேலை மிச்சம்.

டேபிள்ஸ்பூனில் ஒரு குண்டு இருக்கிறது. எல்லா ஊரிலும் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20. சீனிக்கு இது பெரிய விஷயம் இல்லை. பேக்கிங் பவுடருக்கும் உப்புக்கும் ஈஸ்ட்டுக்கும் பெரிய விஷயம்.

ஒரே மைதா, மூன்று எடை

இதை ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து செய்து பாருங்கள், கால்மணி நேரம்கூட ஆகாது. நான் செய்தது இப்படி. ஒரே பாக்கெட் மைதா, ஒரே 240 மில்லிக் கப். முதலில் கப்பை டப்பாவுக்குள் விட்டு, டப்பாவின் சுவரோடு சேர்த்து அழுத்தி அள்ளினேன், அம்மா அரிசி அள்ளுவதுபோல. கத்தி முதுகால் வழித்துவிட்டு நிறுத்தேன். 151 கிராம். அடுத்து, மாவை முள்கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிக் கப்பில் உதிர்த்து வழித்தேன். 122. மூன்றாவது, சல்லடையைக் கப்புக்கு மேலேயே பிடித்து மாவை நேராகக் கப்புக்குள் சலித்தேன். 107. மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தன. 151-க்கும் 107-க்கும் இடையே 44 கிராம் போகிறது. இரண்டு கப் கேக்கில் அது 88 கிராம்.

கப்பை ஒரு தட்டு தட்டினால் இன்னும் மாறும். மாவு அமுங்கி மேலே இடம் உண்டாகும், நாம் பாவம் என்று இன்னும் கொஞ்சம் போடுவோம். ஆகவே மைதா, கோதுமை மாவு, கோகோ, பொடித்த சீனி இவற்றைக் கப்பில் அளக்கும்போது தட்டவே கூடாது. பழுப்புச் சீனிக்கு நேர் எதிர். அதை அமுக்கி, கவிழ்த்தால் கப்பின் வடிவிலேயே நிற்கிற மாதிரி அடைத்துத்தான் அளப்பார்கள்.

குறிப்பின் சொல் வரிசையையும் கவனியுங்கள். "சலித்த மைதா ஒரு கப்" என்றால் முதலில் சலித்து, பிறகு அளப்பது. "மைதா ஒரு கப், சலித்தது" என்றால் அளந்த பிறகு சலிப்பது. மேலே சொன்னபடி முதலாவது 107, இரண்டாவது 122. கிராமில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 120 கிராம் மாவைச் சலித்தாலும் 120 கிராம்தான்.

நம் குமரி மாவட்டத்துக்கு என்று ஒரு கூடுதல் தொல்லை, ஈரம். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. கேக் சீசன் வருவது இரண்டாவது மழையின் வாலில். திறந்து வைத்த மைதா கட்டிபிடித்து, கப்பில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்காராது. நிறுத்தால் அந்த ஈரமும் எடையில் சேரும்தான், ஆனால் அது சின்ன வித்தியாசம். கப்பில் வருகிற வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் கணக்கு

எல்லாம் 240 மில்லிக் கப்புக்கு, தலைதட்டி. மைதா 120 கிராம். கோதுமை மாவும் கிட்டத்தட்ட அதேதான். பச்சரிசி மாவு கொஞ்சம் கனம், 140 முதல் 150 வரை. சீனி 200. பொடித்த சீனி 120. பழுப்புச் சீனி அடைத்து அளந்தால் 215 முதல் 220. கோகோ பவுடர் பஞ்சு மாதிரி, 85-தான். வெண்ணெய் 227. பால் 245, தண்ணீர் 240. வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்), சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் 220 என்று வைக்கலாம். தேன் 340. உலர்ந்த திராட்சை 150 வாக்கில். அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) முழுசாகப் போட்டால் ஒன்று, உடைத்துப் போட்டால் ஒன்று, பொடித்தால் இன்னொன்று. அதற்கு எண் எழுதிப் பிரயோஜனம் இல்லை, நிறுத்தே ஆக வேண்டும். தேங்காய்த் துருவலும் அப்படித்தான். உதிரியாக விட்டால் 80, விரலால் அழுத்திவிட்டால் 100 தாண்டும்.

உங்கள் கப் 240 இல்லை என்றால் இந்த எண்கள் உதவாது. அதற்கு ஒரு மில்லிக்கு எத்தனை கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மைதாவுக்கு அரை. சீனிக்கு 0.83. எண்ணெய்க்கு 0.92. தண்ணீருக்கு ஒன்று. தேனுக்கு 1.42. உங்கள் பாத்திரம் எத்தனை மில்லியோ அதை இந்த எண்ணால் பெருக்கினால் கிராம். கிராமை இந்த எண்ணால் வகுத்தால் மில்லி. வேறு சூத்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி எண், அவ்வளவுதான். "ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?" என்று மொட்டையாகக் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

ஒரு அமெரிக்கச் சாக்லேட் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா இரண்டேகால் கப் என்றால் 270 கிராம். சீனி முக்கால் கப், 150. எண்ணெய் அரை கப், 110. கோகோ அரை கப், 42. இதைக் குறிப்புக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டு, அப்புறம்தான் கிண்ணத்தைத் தொடுகிறேன். மாவுக் கையோடு கணக்குப் போட்டால் தப்பும்.

திருப்பிப் போடுவதும் அதே வழிதான். 175 கிராம் மைதா வேண்டும், வீட்டில் கப் மட்டும் இருக்கிறது. ஒரு கப் 120. மிச்சம் 55. ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன். மைதா டேபிள்ஸ்பூன் ஒன்றுக்கு ஏழரை கிராம். ஆக ஒரு கப்பும், ஏழு டேபிள்ஸ்பூனும், துளி மேலேயும். இதில் இரண்டு மூன்று கிராம் அங்கே இங்கே போனால் கேக் கோபித்துக்கொள்ளாது.

தேனும் கருப்பட்டியும்

மார்த்தாண்டம் தேன் வீட்டில் இருக்கிறதே என்று சீனிக்குப் பதில் அதே கப் தேன் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒரு கப் சீனி 200 கிராம், ஒரு கப் தேன் 340. அரைமடங்குக்கு மேல் கூடுதலாகப் போகிறது, போதாததற்குத் தேனில் தண்ணீரும் உண்டு. எடைக்கு எடை மாற்ற வேண்டும் என்றால் 200 கிராம் தேன், அதாவது 140 மில்லி சொச்சம், அரை கப்பை விடக் கொஞ்சம் மேலே. பாலையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஓவன் சூட்டையும் ஒரு பத்து டிகிரி குறையுங்கள். தேன் சீக்கிரம் கருகும்.

கருப்பட்டியைக் கப்பில் அளக்க முயன்றால் பைத்தியம் பிடிக்கும். வெட்டிப் போட்டால் இடுக்கெல்லாம் காற்று, தட்டிப் போட்டால் பாதி தூள் பாதி கட்டி. பழுப்புச் சீனி ஒரு கப் கேட்டால் 220 கிராம் கருப்பட்டியை நிறுத்துச் சீவிக்கொள்வேன். மண் இருக்கும் என்று தோன்றினால் அதே 220-ஐ 50 மில்லி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, குறிப்பில் உள்ள பாலில் 50-ஐக் கழித்துவிடுவேன்.

வெண்ணெய்க்குப் பதில் வெளிச்செண்ணெய் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே ஒரு கப் வெண்ணெய், அதாவது 227 கிராமுக்கு, 180 கிராம் எண்ணெய் போதும். அளந்தால் முக்கால் கப்பும் ஒரு டேபிள்ஸ்பூனும். உப்பு வெண்ணெய்க்குப் பதில் போடுகிறீர்கள் என்றால் ஒரு சிட்டிகை உப்பை மறக்க வேண்டாம்.

முட்டை விஷயத்தில் குறிப்புகள் எல்லாமே வெகுளி. "முட்டை நான்கு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்கக் குறிப்பில் அது பெரிய முட்டை, ஓடு நீக்கி ஒன்று 50 கிராம். நம் கடை முட்டை பெரும்பாலும் 45-க்குள் நின்றுவிடுகிறது. நாட்டுக்கோழி முட்டை இன்னும் சின்னது, 35, 40 என்று வரும். ஆகவே நான் உடைத்து ஊற்றி நிறுக்கிறேன். நான்கு முட்டை கேட்டால் 200 கிராம். கடைசி முட்டையை வேறு கிண்ணத்தில் அடித்து, தேவையானதை மட்டும் ஊற்றிவிட்டு, மிச்சத்தை ராத்திரி ஆம்லெட்டுக்கு வைத்துவிடுவேன். ஏத்தம்பழக் (நேந்திரம்பழக்) கேக்கும் இப்படித்தான். "பழம் மூன்று" என்றால் எந்தப் பழம்? ஒரு ஏத்தம்பழம் ஐந்து சின்ன மட்டிப்பழத்துக்குச் சமம். தோலுரித்து மசித்த பழம் ஒரு கப் 225 கிராம் வாக்கில் வரும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்தல், அவுன்ஸ், டின்

மாமியாருடைய அம்மா நெய்யூரில் மிஷன் பங்களா ஒன்றில் சமையலுக்கு நின்றவர். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்த நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் கப்பே கிடையாது. "மைதா ஒரு ராத்தல், சீனி ஒரு ராத்தல், வெண்ணெய் ஒரு ராத்தல், முட்டை ஒரு ராத்தல்." ராத்தல் என்றால் பவுண்டு, 454 கிராம். நாலும் சம எடை. இதைவிடச் சுலபமான கேக் கணக்கு உலகத்தில் இல்லை. 454 வேண்டாம் என்றால் எல்லாவற்றிலும் 200 போட்டாலும் அதே கேக்தான். முட்டையை எண்ணாமல் நிறுக்கச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

அவுன்ஸில் மட்டும் ஜாக்கிரதை. எடை அவுன்ஸ் ஒன்று உண்டு, 28 கிராம் சொச்சம். அளவு அவுன்ஸ் ஒன்று உண்டு, இங்கிலாந்தில் 28.4 மில்லி, அமெரிக்காவில் 29.6 மில்லி. பாலுக்கும் தண்ணீருக்கும் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. தேனில் வரும். நாலு அவுன்ஸ் எடை என்றால் 113 கிராம். நாலு அவுன்ஸ் அளவு என்றால் 160 கிராம்.

அதே நோட்டில் பிற்பாடு மாமியார் கையெழுத்தில் "மைதா ஒரு டின், சீனி முக்கால் டின்" என்று வருகிறது. எந்த டின் என்று கேட்டதற்கு, கன்டென்ஸ்டு மில்க் டின் என்றார். 400 கிராம் டின்தான். மேல்மூடியை வெட்டி எடுத்த காலி டின்னில் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன், 310. ஆகவே மைதா ஒரு டின் 155 கிராம், சீனி முழு டின் 257, முக்கால் டின் 193. இப்படி எந்தப் பழைய பாத்திரத்தையும் மடக்கிவிடலாம், பாத்திரம் கைக்குக் கிடைத்தால் போதும்.

கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் அந்த நோட்டில் நாழிக் கணக்கு. நாழி, இடங்கழி, பறை எல்லாம் திருவிதாங்கூர் வழக்கம். நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் 1956, நாட்டுக்கே மெட்ரிக் எடைச் சட்டம் வந்ததும் 1956. ஆனாலும் அடுக்களைக்குள் நாழி பிறகும் ரொம்ப நாள் இருந்திருக்கிறது. மாமியார் வீட்டு நாழியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். ஒரு தரம் தண்ணீர் ஊற்றி நிறுத்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

தராசு பற்றிக் கொஞ்சம்

ஒரு கிராம் வரை காட்டுகிற, ஐந்து கிலோ தாங்குகிற சாதாரண டிஜிட்டல் தராசு போதும். சமமான கல்லின் மேல் வையுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், காற்றில் ஒரு கிராம், இரண்டு கிராம் ஆடும். பெரிய கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம், மைதா போட்டு மறுபடி பூஜ்யம், சீனி போட்டு மறுபடி பூஜ்யம். கப், ஸ்பூன் எதுவும் அழுக்காகாது, கழுவுகிற வேலை மிச்சம். தேனுக்கு இது சொர்க்கம், கப்பில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்காது. போட்டது கூடிப்போகும் என்ற பயம் இருந்தால், ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அதிலிருந்து எடுங்கள். மைனஸில் எத்தனை காட்டுகிறதோ அத்தனை எடுத்திருக்கிறீர்கள்.

பேட்டரி தீரும்போது சில தராசு வாய்க்கு வந்ததைச் சொல்லும். என்னுடையது ஒரு டிசம்பர் 22 ராத்திரி அப்படிச் சொன்னது. பிரிக்காத 100 கிராம் வெண்ணெய்க் கட்டியை வைத்துப் பார்த்தேன், 131 காட்டியது. இப்போது சீசனில் தினமும் காலையில் வெண்ணெய்க் கட்டியை வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை. உறையின் எடை ஓரிரு கிராம் கூடத்தான் காட்டும், அது கணக்கில் இல்லை.

சின்ன அளவுக்கு இந்தத் தராசை நம்பாதீர்கள். இரண்டு கிராம் சோடா உப்பைத் துளித்துளியாகப் போட்டால் தராசு கவனிக்காமலேயே இருந்துவிடும். அங்கே ஸ்பூன்தான் ராஜா. தலைதட்டிய டீஸ்பூனில் பேக்கிங் பவுடர் 4 கிராம், சோடா உப்பு 5, தூள் உப்பு 6, ஈஸ்ட் 3. சாப்பிடுகிற ஸ்பூன் வேண்டாம், அளவு ஸ்பூன். கிராம்பு, பட்டைத் தூளுக்கும் ஸ்பூன்தான், ஆனால் மலையோரத்துக் கிராம்பு கிடைத்தால் குறிப்பில் சொன்னதில் முக்கால் போட்டால் போதும், மணம் தூக்கும்.

பிளம் கேக்குக்குப் பழத்தை ஊறப்போடும் முன்பே நிறுத்து எழுதி வைத்துவிடுங்கள். ஊறிய பிறகு அது குடித்ததும் சேர்ந்து நிறுக்கும். விற்கிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு கிலோ கேக் என்று ஆர்டர் எடுத்தால் கலவை ஒரு கிலோ ஊற்றினால் போதாது. வேகும்போது ஆவி போகும். என் ஓவனில் 1,120 கிராம் ஊற்றினால் ஆறிய பிறகு ஒரு கிலோ நிற்கிறது. உங்கள் ஓவனில் வேறாக இருக்கும், இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அடுத்த வீட்டு மாமிக்கு இதெல்லாம் வேண்டாம். "மக்ளே, எனக்கு இந்தக் கிராமும் மண்ணும் வேண்டாம், நம்ம டம்ளர்ல சொல்லு" என்று மைனியின் அந்தக் கேக்கைக் கேட்டார்கள். அவர்களுடைய எவர்சில்வர் டம்ளரையே வாங்கித் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். 210. அப்படியென்றால் மைதா ஒரு டம்ளர் 105 கிராம், சீனி ஒரு டம்ளர் 174. முந்நூறு கிராம் மைதா வேண்டும்: மூன்று டம்ளர், கடைசி டம்ளரில் ஒரு விரல் குறைய. சீனி, ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு கப் 220: ஒன்றேகால் டம்ளர். பால் 125: அரை டம்ளருக்கு ஒரு விரல் மேலே. வெண்ணெய் அரைக் கிலோக் கட்டியில் பாதி. முட்டை நம்மூர் அளவு என்பதால் நாலுக்குப் பதில் நாலரை, அதாவது சின்னதாகப் பார்த்து ஐந்து. பேக்கிங் பவுடருக்கு என் அளவு ஸ்பூனையே கொடுத்துவிட்டேன். மாவை ஸ்பூனால் உதிர்த்துப் போடணும், டம்ளரைத் தட்டக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் மாமி ஒரு தட்டில் மூடிக் கொண்டுவந்தார்கள். நடுவில் குழி இல்லை. ஸ்பூனை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.